அஞ்சுக்கு அஞ்சு

— அசையாதீங்க அண்ணி, புது ப்ரோகிராம் இன்னும் பாதிகூட ஏறல.

— கையைக் கழட்டி மேசை மேல வெச்சாச்சு... நான் அசைஞ்சா அதுக்கென்ன தம்பி?

— ஒயர் உங்க முழங்கைகிட்ட கிடக்கு.

— சரி சரி. மிரட்டுறதுல உங்கண்ணனை மிஞ்சிடுவ. ஏதோ சொல்ல வந்தியே... ஆபீஸ்ல யாரோ முடியாதுன்னுட்டாங்கன்னு.

— யாரோ இல்ல. கம்பைலர்.

— அது யாரு, புது மேனேஜரா?

— ஐயோ... நான் எழுதற ப்ரோகிராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற சாஃப்ட்வேர் அண்ணி. உங்க கைக்குள்ள ஓடறதை மொத்தமா புது கம்ப்யூட்டர் மொழியில திருப்பி எழுதினேன்ல? செவ்வாய்க்கிழமை அது கையை விரிச்சிடுச்சு.

— செயற்கைக் கை செய்யறவனுக்கே கையை விரிச்சுதா! நல்லா வேணும். ஓடிட்டிருந்ததை எதுக்குத் திருப்பி எழுதின?

— அது... சும்மாத்தான். கேளுங்க. பழைய மொழியில ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போய் ஒவ்வொரு விரலா எடுப்பேன். இதுல எண்ணறதே இல்ல. விரலை அசைக்கற மோட்டார் ஒரு வரிசை, தொட்டா உணர்ற சென்சார் ஒரு வரிசை. ரெண்டையும் ஜோடி சேருன்னா...

— கல்யாண புரோக்கர் வேலை!

— அதேதான். அப்புறம், ஒவ்வொரு ஜோடியையும் மாத்துன்னா, எந்த விரல் எவ்வளவு அழுத்தணும்னு அஞ்சு எண் வரும். அந்த அஞ்சையும் சேர்த்து மடக்குன்னா, மொத்தப் பிடிக்கு ஒரே எண். மூணே வரி. எத்தனை விரல்னுகூட அதுல எழுதல அண்ணி. மூணு விரல் கையா இருந்தா மூணு, அஞ்சுன்னா அஞ்சு.

— ஆறு விரல் ஆளு வந்தா?

— அவருக்கும் அதே மூணு வரிதான். ஆனா ஒண்ணு... எத்தனையா இருந்தாலும் ரெண்டு வரிசையும் ஒரே நீளமா இருக்கணும். இல்லேன்னா ஓடவே விடாது.

— உன் வரிசை?

— மோட்டார் அஞ்சு. சென்சார்... நாலு.

— ஒரு விரலைக் காணோமா?

— சுண்டுவிரல். அதுக்குக் கடைசியாத்தான் சென்சார் வெச்சோம். பட்டியல்ல சேர்க்க... மறந்துட்டேன்.

— அப்போ இவ்வளவு நாளா?

— பழைய மொழி கேள்வியே கேட்காது. நாலுதான் இருக்கற இடத்துல அஞ்சாவதை எடுன்னா, பக்கத்துல என்ன கிடக்கோ அதை எடுத்துக்கும். முக்கால்வாசி நேரம் ஒண்ணும் தெரியாது. எப்பவாவது, எதுவும் தட்டுப்படலைன்னு நினைச்சு, சுண்டுவிரல் மட்டும் இறுக்கிக்கிட்டே போகும்.

— அப்போ அந்தக் கண்ணாடி டம்ளர் என் கையிலயே நொறுங்கினது...

— ஆமா.

— எனக்குத்தான் கை பழகலைன்னு ஒரு வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்!

— இப்போ என்னைத் திட்டுங்க. நல்லா.

— இரு... டம்ளரையே பார்க்காத ஒண்ணு, கை அசையறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுதா?

— படிச்சுப் பார்த்தே சொல்லிடுச்சு. அஞ்சு இருக்கணும், நாலுதான் இருக்குன்னு. நான் எழுந்து நின்னுட்டேன் அண்ணி. மெய் சிலிர்த்துப் போச்சு.

— எனக்கும்தான்டா. இங்க பாரு, முழங்கை வரைக்கும்...

— ஏறிடுச்சு. மாட்டிக்குங்க. இந்தப் பேப்பர் கப்பைப் பிடிங்க.

— தண்ணியோடயா? நசுங்கிடும்.

— பிடிங்களேன்.

— ...அம்மாடி! சுண்டுவிரல் நிக்குது. சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது தம்பி!

— பாப்பா முழிச்சிட்டா போல.

— நீ போய்த் தூக்கு.

— நீங்க தூக்குங்க. வலது கையால.

— இடதே பழகிடுச்சுப்பா...

— ரெண்டு மாசமா. தொட்டில் கம்பி பட்டு அவ தொடை கன்னிப்போச்சுன்னு சொன்னீங்களே, அன்னையிலேருந்து.

— அது... நீயே தூக்கேன்டா.

— அண்ணி. அஞ்சுக்கு அஞ்சு. தூக்குங்க.

— வாடி... வா வா... மெதுவா... ஐயோ, சிரிக்கிறா பாரேன்! அஞ்சு விரலும் அவ மேல... ஒண்ணுகூட இறுக்கல தம்பி, ஒண்ணுகூட!

— பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.

— தம்பி... அன்னிக்கு... அது தொட்டில் கம்பி இல்ல.

— தெரியும் அண்ணி. அன்னிக்குத்தான் இதைத் திருப்பி எழுத உக்காந்தேன். அந்தத் தொட்டிலை வாங்கிட்டு வந்தவன் நான்... அதுல கம்பியே கிடையாது.