மேசைக்கடியில் ஊளையிடும் பெட்டி

— இந்தக் காலத்து ஆளுங்க வாயிலே ஒரே ஒரு பேச்சுதான் இருக்கு மாப்ளே. 'வந்துட்டே இருக்கேன்.' போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டே சொல்றான், 'வந்துட்டே இருக்கேன்.' என்னை ஏத்திக்கிட்டுப் போக வர்ற வேன்காரனும் அதையேதான் சொல்றான். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன், வண்டியிலே ஏறாம 'ஏறிட்டேன்'னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா?

— மணி மூணுதான் ஆகுது அத்தான். நாலு மணிக்குத்தானே அவரை வரச் சொன்னீங்க?

— நாலு மணிக்கு வர்றவன் மூணு மணிக்கு எங்கே நிக்கறான்னு சொல்ல வேண்டாமா? சரி, அவனை விடு. என் டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசல்லே வச்சாச்சு. தோள்பையும் மாட்டிக்கிட்டேன். உன் பெட்டி பாடுமா, பாடாதா? அதைச் சொல்லு.

— ஒரு நிமிஷம் அத்தான்.

— காலையிலே எட்டு மணிக்கு ஆரம்பிச்ச ஒரு நிமிஷம் இது. நேத்து நீதானே சொன்னே? 'இந்த சிந்தசைசர் பாடிட்டா எனக்கு அது துணை, நீங்க நிம்மதியாக் கிளம்புங்க'ன்னு?

— சொன்னேன். இல்லைங்கலையே.

— பாடலேன்னா?

— பாடலேன்னா நீங்க எப்படி அத்தான் போவீங்க?

— அதானே பார்த்தேன். உங்கக்கா போய்ச் சேர்ந்த நாள்லேர்ந்து என் பழைய லாரி மெக்கானிக் கூப்பிட்டுக்கிட்டிருக்கான். 'ஷெட்டுக்கு மேலே ரூம் காலியாக் கிடக்கு, வந்துடுய்யா, ரெண்டு பேரும் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாம்'னு. ஒன்பது வருஷத்துலே மூணு தடவை டிரங்குப் பெட்டியைக் கட்டிட்டேன். ஒரு தடவை உனக்குக் காய்ச்சல். ஒரு தடவை சமையல்கட்டுக் குழாய் உடைஞ்சுது. அப்புறம் முதுகு.

— முதுகு வேணும்னேவா பிடிச்சுக்கும்? இடுப்புப் பட்டை போட்டுக்கிட்டு நிக்கறேன், பாருங்க. குனிய முடிஞ்சா நானே மேசைக்கடியிலே போயிருக்க மாட்டேனா?

— நகரு. அந்த டார்ச்சைக் குடு. எழுபத்தோரு வயசுலே லாரிக்கடியிலே படுக்க வேண்டாம்னு சந்தோஷப்பட்டேன், உன் மேசைக்கடியிலே படுக்க வச்சுட்டே. அப்பா... என்னடா இது, ஆறு மாசத்துத் தூசி?

— பார்த்து, தலை இடிக்கும். கம்ப்யூட்டர் இடது பக்கம். சிந்தசைசர் வலது பக்கம். அந்தக் கறுப்புப் பெட்டி.

— இதுவா பாடப்போவுது? இதிலே ஒரு கட்டையும் இல்லையே. நாலு பித்தானும் ஒரு கண்ணாடிச் சன்னலும்தான் இருக்கு. கட்டை இல்லாம எவன் வாசிப்பான்?

— கம்ப்யூட்டர்தான் வாசிக்கும் அத்தான். அதாவது, நான் விளையாடற ஆட்டம் இருக்கறது கம்ப்யூட்டர்லே, குரல் இருக்கறது இந்தப் பெட்டியிலே. முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஆட்டமெல்லாம் அப்படித்தான் பண்ணினாங்க. கம்ப்யூட்டரோட சொந்தக் குரல் உங்களுக்கே தெரியுமே?

— தெரியாமலா? ஒன்பது வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேக்கறேனே. வேன் ரிவர்ஸ் எடுக்கற மாதிரி கீச் கீச்னு.

— அந்த ஆட்டத்தோட நிஜமான பாட்டு அது இல்லே. இந்தப் பெட்டி பரண்லே இருந்தது, கேபிள் இல்லே. இப்பத்தான் கிடைச்சுது. கம்ப்யூட்டர் முதுகுலே ஜாய்ஸ்டிக் சொருகற அகலமான இடம் இருக்கில்லே? அங்கே ஒரு முனை.

— சொருகியாச்சு. இந்தப் பக்கம் ரெண்டு தலையா பிரியுதே?

— ஒண்ணுலே இங்கிலீஷ்லே ரெண்டு எழுத்து எழுதியிருக்கும், ஒண்ணுலே மூணு எழுத்து.

— மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்கிட்ட எழுத்தைக் கேக்கறான். இரு, எண்ணிச் சொல்றேன். ஆமா. ஒண்ணு ரெண்டெழுத்து, ஒண்ணு மூணெழுத்து. பெட்டியிலே மூணு ஓட்டை இருக்கு. ரெண்டெழுத்து, மூணெழுத்து, நாலெழுத்து.

— நாலெழுத்தைத் தொடாதீங்க. ரெண்டெழுத்துத் தலையை ரெண்டெழுத்து ஓட்டையிலே சொருகுங்க. மூணெழுத்தை மூணெழுத்துலே.

— இந்த வயர் வழியாத்தானே பாட்டு வரும்?

— இல்லே. அதிலே பாட்டே வராது.

— கதை விடாதே.

— நிஜமா அத்தான். அதிலே சேதி மட்டும்தான் போகும். 'இந்தக் கட்டையை அமுக்கு', 'இப்ப விடு'. அவ்வளவுதான். சத்தம் போடறது பெட்டி. ஸ்பீக்கருக்குத் தனி வயர், அது ஏற்கெனவே மாட்டியிருக்கு.

— சத்தம் போகாத வயரைச் சொருகத்தான் என் முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கேன். சொருகிட்டேன். போடு உன் ஆட்டத்தை.

— ஒரு நிமிஷம்... இதோ, திரையிலே மூடுபனி வந்துடுச்சு. கப்பல் வருது.

— ஒண்ணும் கேக்கலையே.

— கேக்கலை.

— ஸ்பீக்கரைத் திருகு.

— முழுசாத் திருகியாச்சு. சரி, பெட்டி பழசு, போயிருக்கும். வெளியே வந்துடுங்க அத்தான். வேன்காரருக்கு நான் போன் பண்ணி, அடுத்த வாரம் வரச் சொல்லிடறேன்.

— எப்படி வெளியே வர்றது? பை மேசைக்கால்லே மாட்டிக்கிட்டு தோளை இழுக்குது. முன்னாடியும் போக முடியலே, பின்னாடியும் வர முடியலே. இந்த வீட்டுலே எனக்கு எப்பவும் இதே கதிதான். ஏய், இரு. போனை எடுக்காதே.

— ஏன்?

— ரெண்டெழுத்துன்னா உள்ளே. மூணெழுத்துன்னா வெளியே. கோடவுன் கேட்டுலே எழுதியிருப்பான், அந்த மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்.

— ஆமா. அதுக்கென்ன?

— டீசல் டாங்கியிலேர்ந்து வெளியே வர்ற குழாயை எங்கே மாட்டுவே?

— எனக்கெப்படி அத்தான் தெரியும்?

— எஞ்சினுக்கு உள்ளே போற வாயிலே மாட்டுவேன்! உள்ளேயும் உள்ளேயும் முட்டிக்கிட்டு நின்னா என்னத்தை ஓடும்? சேதி கம்ப்யூட்டர்லேர்ந்துதானே வெளியே வருது? அப்ப அந்த மூணெழுத்துத் தலைதான் பெட்டியோட ரெண்டெழுத்துக்குள்ளே போகணும். இதோ மாத்தறேன்.

— வேண்டாம் அத்தான், அது புகைஞ்சுடும்...

— புகையட்டும். போடு, முதல்லேர்ந்து போடு. சன்னல்லே வெளிச்சம் வருதுடா! ஏதோ எழுத்தெல்லாம் ஓடுது!

— அது... ஆட்டம் பெட்டிக்கு வணக்கம் சொல்லுது.

— யாரு அது வாசிக்கறது? பக்கத்து ரூம்லே யாரு?

— யாருமில்லே. பெட்டிதான்.

— டேப் எதையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?

— மேசைக்கடியிலே நீங்கதான் இருக்கீங்க. எங்கே ஒளிக்கறது?

— தரையெல்லாம் அதிருது மாப்ளே. கப்பல் என் விலாவுக்குள்ளே வர்ற மாதிரி இருக்கு. இவ்வளவையும் உள்ளே வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் பரண்லே கிடந்துது? சரி. பாடிடுச்சு. ஒப்புக்கிட்டியா?

— ...பாடிடுச்சு.

— கேட்டியா, ஹாரன்! சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டான். கையைக் குடு, எழுந்திரிக்கணும். பையை இழு. இன்னும் பலமா இழு.

— அய்யோ, பைவாரோட வயரும் வந்துடுச்சு. பிடுங்கிட்டீங்க அத்தான்.

— பிடுங்கினா நிக்கணுமில்லே? ஏன் ஒரே சுருதியிலே ஊளையிடுது? திரையிலே கப்பல் கரைக்கே வந்துடுச்சு, இது இன்னும் கத்துது.

— 'அமுக்கு'ங்கற சேதி போயிடுச்சு. 'விடு'ங்கற சேதி போறதுக்குள்ளே வயர் வந்துடுச்சு. பெட்டிக்கு விடணும்னு தெரியாது. சொன்னாத்தான் விடும்.

— எவ்வளவு நேரம்?

— கரண்ட் இருக்கற வரைக்கும்.

— முட்டாப் பெட்டி. சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. சுவிட்சை அணைடா, காது போவுது.

— சுவிட்சும் மேசைக்கடியிலேதான் இருக்கு. திரும்ப வயரைச் சொருகினாலும் போதும், இங்கேர்ந்தே 'எல்லாத்தையும் விடு'ன்னு ஒரு சேதி அனுப்பிடுவேன். ஆனா நான் குனிய முடியாதே. நீங்கதான்...

— நானா? கீழே வேன்காரன் நிக்கறான். நான் திரும்பவும் படுக்கணும், மாட்டிக்கணும், அவன் பார்த்துட்டுப் போயிடணும். இதானே? இங்கே பாரு. அச்சாபீசுக்குப் பிழை திருத்தறவன் நீ. ஒரு புள்ளி விட்டுப்போனா தூக்கத்துலேயே எழுந்து உக்கார்றவன். உனக்கு உள்ளே எது, வெளியே எதுன்னு தெரியாது?

— அத்தான்...

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. தெரிஞ்சேதானே மாத்திச் சொருகச் சொன்னே?

— ஆமா.

— ஏன்?

— நீங்க போகக் கூடாதுன்னுதான்.

— அவ்வளவு பாசமா? என்னை உனக்குப் பிடிக்குமா?

— பிடிக்காது அத்தான். காலையிலே அஞ்சு மணிக்கு ரேடியோவை அலற விடறீங்க. எனக்கு வர்ற பேப்பரை முதல்லே பிரிச்சுக் கசக்கறீங்க. வாய் கொப்புளிச்சா எஞ்சின் ஸ்டார்ட் ஆகற மாதிரி இருக்கு.

— எனக்கும் உன்னைப் பிடிக்காது. நாளெல்லாம் முணுமுணுன்னு திருத்தி, என் பேச்சையும் திருத்தறே. அப்புறம் எதுக்குடா என்னைப் பிடிச்சு வச்சே?

— நீங்க முதல்லே சொல்லுங்க. கதவு திறந்துதானே கிடந்துது? காய்ச்சல்னா டாக்டரைக் கூப்பிட்டுட்டுப் போயிருக்கலாமே? ஏன் போகலை?

— அது உனக்கெதுக்கு?

— சொல்லுங்க அத்தான். அதுதான் ஊளையிடுதே, கீழே யாருக்கும் கேக்காது.

— உங்கக்கா சொல்லிட்டுப் போனா. போதுமா? கடைசி வாரம். கதவைச் சாத்தச் சொல்லிட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. 'அவனைத் தனியா விட்டுடாதீங்க. சாப்பிட்டியான்னு கேக்க அவனுக்கு ஒரு ஆள் வேணும்'னு. சரின்னுட்டேன். அந்த ஒரு 'சரி'க்கு ஒன்பது வருஷம். இப்ப உனக்குத் துணைக்குப் பெட்டி வந்துடுச்சு, பாடுது, நான் போறேன். சாப்பிட்டியான்னு அது கேக்காதுதான். எனக்கு அதிலே இன்னும் நம்பிக்கை இல்லே. ஆனா போறேன்.

— படியிலே நில்லுங்க. ஒரு நிமிஷம்.

— உன் ஒரு நிமிஷம்!

— 'அவன்கிட்டச் சொல்லிடாதீங்க, ரோஷக்காரன்'னும் சொன்னாளா?

— ...அது உனக்கெப்படித் தெரியும்? கதவு சாத்தியிருந்துதே.

— என்கிட்டேயும் கதவைச் சாத்திட்டுத்தான் சொன்னா. நீங்க மருந்து வாங்கக் கீழே போயிருந்தீங்க. 'அவரைத் தனியா விட்டுடாதேடா. சாப்பிட்டீங்களான்னு கேக்க அவருக்கு ஒரு ஆள் வேணும். அவர்கிட்டச் சொல்லிடாதே, ரோஷக்காரர்.'

— கதை விடாதே.

— கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுலே இருக்கற அச்சாபீஸ்லேர்ந்து என்னையும் மூணு தடவை கூப்பிட்டாங்க. தங்க வீடும் தர்றோம்னாங்க. 'அத்தானை யார் பார்த்துக்கறது'ன்னு எழுதிப் போட்டேன். முதுகு கூடப் போன வருஷமே சரியாயிடுச்சு. குனியறதுக்கு, தூக்கறதுக்கு ஆள் வேணும்னா நீங்க இருப்பீங்கன்னுதான் பட்டையைக் கழட்டலை.

— நான் நம்பலை. அவ அப்படிச் செய்யறவ இல்லே. அப்படிப் பார்த்தா இந்த ஒன்பது வருஷம் யாரு யாரைப் பார்த்துக்கிட்டோம்?

— அதைத்தான் நானும் கேக்கறேன் அத்தான்.

— ஹாரன் அடிக்கறான். நான் இறங்கறேன்.

— நம்பலையா?

— நம்பலை. கீழ்ப்படி வந்துடுச்சு, இன்னும் நம்பலை. மாப்ளே... கேக்குதா? முதுகு நல்லாத்தானே இருக்கு? நீயே குனிஞ்சு அந்த வயரைச் சொருகு. சொருகி, அதை விடச் சொல்லு.