மாலையைக் கழட்டின மறுநாள்

— இல்லக்கா, போர்டே இல்ல. தையல் கடை இருக்கு, பூக்கடை இருக்கு, கண்ணு தெரியாதவங்க மசாஜ் பண்ற கடை இருக்கு. குடியை விடுறவங்க கூட்டம்னு எங்கயும் எழுதிப் போடல.

— எழுதமாட்டோம்ணே. எழுதிப் போட்டா யாரு ஏறி வருவா? காலையில கிள்ளான்லேர்ந்து போன் பண்ண ராதாகிருஷ்ணன் அண்ணன்தானே நீங்க?

— ஆமாக்கா. பேரைக் கொஞ்சம் மெல்லச் சொல்லுங்க லா.

— போன்லதானே சொல்றேன், யாருக்குக் கேக்கப் போவுது? நான் அமுதவள்ளி. பசியாறிட்டு உடனே கெளம்பிருவேன்னீங்க, எங்க போனீங்க?

— பிரிக்பீல்ட்ஸுக்கு எப்பவோ வந்துட்டேன்க்கா. நான் இருக்குற கோலம் அப்படி. மொட்டைத் தலை, மஞ்சள் வேட்டி. நேத்துதான் தீ மிதிச்சு மாலையைக் கழட்டினேன். பூக்கடைக்காரன்கிட்டப் போயி, இங்க கூட்டம் எங்க நடக்குதுன்னு கேட்டேன். வாங்க சாமின்னு கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி ஒரு கோயில் கமிட்டியில உக்கார வச்சிட்டான்.

— நீங்களும் உக்காந்துட்டீங்களா?

— இதுதான் அந்தக் கூட்டம்னு நெனச்சேன். ஒருத்தர் எந்திரிச்சி, போன வருசம் செஞ்ச தப்பை இந்த வருசம் செய்யக் கூடாதுன்னார். சரியான எடம்தான்னு நானும் தலையாட்டினேன். அப்புறம் பார்த்தா, அன்னதானத்துல சாம்பார் பத்தாமப் போனதைச் சொல்றார்.

— ஐயோ அண்ணே. எந்திரிச்சி வந்திருக்கலாமே?

— சோறு போட்டாங்க. சாப்புட்டுக் கை கழுவுறதுக்குள்ள, திருவிழாவுக்கு வாழை மரம் கட்டுற வேலையை எனக்குக் கொடுத்துட்டாங்க. சரின்னுட்டேன். என்னை நம்பி ஒரு வேலை கொடுத்து ரொம்ப நாளாச்சுக்கா.

— செய்யுங்க, நல்லதுதான். இப்ப எங்க நிக்கிறீங்க?

— தையல் கடை வாசல்ல.

— அதை ஒட்டி ஒரு படி போவும் பாருங்க. ரெண்டாவது மாடி. ஏறுங்க.

— ஏறுறேன். ஒரு நிமிசம்க்கா. மேல கிள்ளான் ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா? நான் கிள்ளானுக்குப் பக்கத்துல, தெலுக் பங்லிமா காராங்ல ஒரு பேக்டரியில சாமான் ஏத்துறவன். அங்க உள்ள ஆளுங்க பார்த்துட்டா, மறுநாள் லோரி வரிசை பூராவும் சேதி போயிரும்.

— அங்கேர்ந்து ஒருத்தரும் வரலண்ணே.

— சத்தமே கேக்கலயே. கூட்டம்னா பேச்சு கேக்காதா?

— இன்னைக்குக் கொஞ்சம் அமைதியான கூட்டம்.

— அக்கா, எனக்கு இதெல்லாம் வேணுமா? தைப்பூசத்துலேர்ந்து நான்தான் ஒரு சொட்டு தொடலையே.

— அப்ப காலையில ஏன் அழுதீங்க?

— அழுதேனா? அது சளி.

— சரி, சளி.

— விசயத்தைச் சொல்லிர்றேன். தைப்பூசத்துக்கு மாலை போட்டேன். கூட்டாளிங்க போத்தலை நீட்டினப்ப, விரதம்னேன். கையெடுத்துக் கும்புட்டுட்டு விலகிட்டாங்க. அட, இது நல்லா இருக்கேன்னு பங்குனி உத்திரத்துக்கும் போட்டேன். அப்புறம் சித்ரா பௌர்ணமி, அப்புறம் தீமிதி. ஒரு கோயிலை விடல. நேத்து மாலையைக் கழட்டுறப்ப பூசாரியே கேட்டுட்டார், அப்படி என்னப்பா உனக்கு வேண்டுதலுன்னு.

— என்ன சொன்னீங்க?

— உலக நன்மைக்குன்னுட்டேன்.

— நல்லாச் சொன்னீங்க போங்க.

— சிரிக்காதீங்கக்கா. இப்ப வெறுங்கழுத்து. லோரி ஓட்டுற பரமேஸ்வரன் காலையிலயே கூப்புட்டுட்டான். விரதம் முடிஞ்ச சந்தோசத்துக்கு என் வீட்டு வாசல்ல பீர் பெட்டி எறக்கியாச்சாம். சாயந்தரம் எல்லாரும் வந்துருவானுங்க.

— வேணாம்னு சொல்லிப் பார்த்தீங்களா?

— சாமிக்காக வேணாம்னா மரியாதை. எனக்காக வேணாம்னா, பெரிய ஆளாயிட்டியாடான்னு ஊத்திக் கொடுப்பானுங்க. இப்படியே வீட்டுக்குப் போனா இன்னைக்குக் குடிச்சிருவேன்க்கா. அதுக்குப் பயந்துதான் ரயிலேறி வந்தேன். உங்களுக்கு எங்க புரியப் போவுது? நீங்க ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்குறவங்க.

— நீங்க சொல்லுங்கண்ணே, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.

— உங்க நேரம்தான் கெட்டுப் போவுது.

— கெட்டா கெட்டுப் போவட்டும், பேசுங்க.

— சரி, ஏறிக்கிட்டிருக்கேன். படி இருட்டா இருக்கு லா. பின்னால ஒரு நாற்காலி காட்டிருங்க, ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போயிர்றேன்.

— பின்னாலன்னு ஒண்ணும் இல்லண்ணே. ரெண்டே நாற்காலிதான் போட்டிருக்கேன்.

— ரெண்டா? ஏன், மத்தவங்க எல்லாம் நிக்கிறாங்களா?

— வழக்கமா வர்றவங்க ஈப்போவுக்குப் போயிட்டாங்க. நம்ம ஆள் ஒருத்தரோட மகளுக்கு இன்னைக்குக் கல்யாணம். சாவி எங்கிட்ட இருக்கு.

— அப்ப மேல யாருமே இல்லையா? மொத மாடி வந்துட்டேன்க்கா. எறங்கிரவா? இன்னொரு நாளைக்கு வர்றேன்.

— எறங்காதீங்கண்ணே. நான் இருக்கேன்ல.

— நீங்க போன் எடுக்குறவங்கக்கா. குடிகாரங்க கூட்டத்துக்குக் குடிகாரன் வேணாமா? நான் ஒருத்தன் போதுமா?

— ரெண்டு பேர் இருக்கோம்ணே. நானும் குடிச்சவதான். மத்தியானத்துலேர்ந்து என் மனசு, சாராயக் கடைக்கு எறங்கிப் போ, எறங்கிப் போன்னு புடிச்சித் தள்ளுது. அதுக்குப் பயந்துதான் உங்களை இவ்வளவு நேரம் பேச வச்சேன். போனை வச்சிராம, பேசிக்கிட்டே ஏறி வாங்க.