ஒரு செபமாலை நேரம்

ஆற்றில் இலை விழுவது யாருடைய குற்றமும் இல்லை, ஐயா. கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில் இரு கரையிலும் சதுப்புக்காடு. இலை உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மோட்டார்ப் படகின் எஞ்சின் சூடேறாமல் இருக்க, அடியில் உள்ள குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். குழாயின் வாயில் ஒரு சல்லடை. அதில் இலை அப்பிக்கொண்டால் தண்ணீர் ஏறாது, எஞ்சின் கொதித்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஆறும், மறுபடி கிளம்பும். இதில் புரியாதது என்ன இருக்கிறது? இதை எத்தனை பேருக்கு, எத்தனை விதமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் களைப்பாக வருகிறது.

என் பெயர் சபாபதி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். கிள்ளான் ஆற்றுமுகத்தில் உள்ள சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். எதிர்த் தீவில் இருக்கும் ரப்பர் தோட்டத்தின் படகு என் பொறுப்பில் இருந்தது. அதை ஓட்டியவன் ரபேல். ஞாயிறு காலையில் தோட்டத்துக் கிறிஸ்தவர்களை ஏற்றிக்கொண்டு வருவான். எல்லாரும் பஸ் பிடித்துக் கிள்ளான் கோயிலுக்குப் பூசைக்குப் போவார்கள். அவர்கள் அங்கே முழங்காலிட்டிருக்கும் நேரத்தில் நான் இங்கே எஞ்சின் முன்னால் முழங்காலிட்டிருப்பேன். சல்லடையைச் சுரண்டுவேன், பிளக்கைத் துடைப்பேன், உப்புப் போக நல்ல தண்ணீர் ஓட்டுவேன். படகைக் கரையேற்றும் சக்கர வண்டியின் அச்சுக்குக்கூட என்னைத் தவிர யாரும் எண்ணெய் விட்டதில்லை.

நான் சுத்தம் செய்து அனுப்பும் சல்லடை பாதி வழியில் மறுபடி அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் கையை விட்டு இலையை எடுத்துப் போட்டால் போதும். ரபேல் அதைச் செய்யமாட்டான். நங்கூரத்தைப் போடுவான், தொப்பியைக் கழற்றுவான், செபமாலையை எடுப்பான். படகில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். ஒரு செபமாலை முடிகிற நேரமும் எஞ்சின் ஆறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஆமென் சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவான். எஞ்சின் கிளம்பும்.

ஒருமுறை அவனைத் தனியாக அழைத்துக் கேட்டுக்கொண்டேன். அடுத்த தடவை நின்றால் செபம் சொல்லாமல் அதே நேரம் சும்மா உட்கார்ந்து பார், அப்போதும் கிளம்பும் என்றேன். அவன் சிரித்தான்.

"சும்மா உக்கார்ற நேரத்துல செபம் சொன்னா என்ன கொறஞ்சிடும், அண்ணே?"

கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

ஈஸ்டருக்கு எஞ்சின் மூடியின்மேல் அந்தோனியார் படத்தை ஒட்டி, செம்பருத்தி மாலை போட்டார்கள். பெட்ரோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனதை நான்தான் தடுத்தேன். அதற்குப் பாக்கியம் என்ற கிழவி, எல்லார் முன்னாலும் என் கன்னத்தைத் தட்டிச் சொன்னாள்:

"ஒன் கையில ஆவாதது அந்தோனியார் கையில ஆவுதுன்னு கோவமா, தம்பி? நீயும் ஒரு நாள் எங்ககூட கோயிலுக்கு வாலா."

படகே சிரித்தது. நானும் சிரித்தேன். கையில் கிரீஸ் இருந்ததால் கன்னத்தைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் பூசைக்குப் போனதும் வழக்கமான வேலைகளை முடித்தேன். எதிலும் குறை வைக்கவில்லை. நங்கூரக் கயிறு ஓரிடத்தில் நைந்திருந்தது. அதை அவிழ்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன், முறுக்கிச் சேர்க்க. அதுவும் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

பிறகு எஞ்சின் மூடிக்குள், பிளக்குக்குத் தீப்பொறி கொண்டுபோகும் கம்பியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். துறையைத் தாண்டி வேகம் கூடினால் அதிர்வில் கம்பி கழன்றுவிடும். எவ்வளவு ஆறினாலும் சரியாகாத பழுது. மூடியைத் திறந்தால் குழந்தைக்கும் தெரியும். ஆனால் படம் ஒட்டிய பிறகு ரபேல் அந்த மூடியைத் திறப்பதை விட்டிருந்தான். திறக்க வேண்டுமானால் மாலையைக் கழற்ற வேண்டுமே.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர்கள் செபம் சொல்லி முடித்து, கைப்பிடியைச் சுற்றி, எஞ்சின் கிளம்பாமல் நிற்க வேண்டும். அதன்பின் என்னைக் கூப்பிட வேண்டும்.

பூசை முடிந்து அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகு, நான் நினைத்த இடத்திலேயே நின்றது. கரையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. நீர் வற்றும் நேரம். ஆறு கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. மேற்கே சுமத்திராப் பக்கம் வானம் கறுத்திருந்தது. இவை எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். துறைமுகத்தில் வேலை செய்பவனுக்கு இவை தெரியும்.

சம்பான் என்ற சிறு படகை ஓட்டும் கன்னையா என் பக்கத்தில் நின்றான். படகு நகர்வதை அவன்தான் முதலில் சொன்னான்.

"அண்ணே, நங்கூரம் போடலபோல. கயித்தப் போட்டு இழுத்துட்டு வந்துடலாம், வாங்க."

"இருலா," என்றேன். "செபம் முடியட்டும்."

அவன் என் பேச்சை மதிப்பவன். எஞ்சின் விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று காத்திருந்தான். அவன்மேல் பிழை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். படகில் அவர்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. கைகளைத் தூக்கியிருந்தார்கள். அதைச் செபம் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு காற்று வந்தது. மழை இறங்கிக் கடலை மூடியது. கன்னையா என்னைக் கேளாமல் சம்பானைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மூழ்கிய படகிலிருந்து அவனால் கொண்டுவர முடிந்தது ரபேலின் மனைவி உர்சுலாவை மட்டும். பாக்கியத்தின் உடல் மறுநாள் மீன்பிடிக்கக் கடலில் நட்ட கழிகளுக்கு நடுவே கிடைத்தது. ரபேல் இன்னும் கிடைக்கவில்லை.

உர்சுலா உங்களிடம் சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அன்றைக்கு யாரும் செபமாலையை எடுக்கவே இல்லை என்கிறாள். நங்கூரக் கயிறு இல்லை என்று தெரிந்ததும் ரபேல் கரையைப் பார்த்தானாம். "பயப்படாதீங்க, சபாபதி அண்ணன் துறையிலதான் நிக்கிறாரு, நம்மளப் பாத்துட்டாரு, இப்ப வந்துடுவாரு," என்றானாம். எல்லாரையும் எழுந்து என்னைப் பார்த்துக் கையாட்டச் சொன்னானாம்.

அந்தப் பெண் துக்கத்தில் இருக்கிறாள். ரபேல் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

படகு ஆழமில்லாத இடத்தில்தான் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். உப்பு ஏறுவதற்குள் எஞ்சினைத் தூக்கச் சொல்லுங்கள். அதில் பெரிய பழுது ஒன்றும் இல்லை, ஐயா. ஒரே ஒரு கம்பிதான். என்னைக் கூப்பிட்டிருந்தால் அப்போதே போய் மாட்டியிருப்பேன்.