மூத்தவருக்குத் தலை

மீன் நல்ல மீனா என்று தெரிய அதன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பார்கள். நீங்களும் உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. கண் பளபளப்பாக இருக்கும், செவுள் சிவந்திருக்கும், சதை விறைப்பாக இருக்கும். அவ்வளவும் இருந்தும் ஆளைக் கவிழ்த்துவிடுகிற மீன் உண்டு. இது அப்படியில்லை. தேங்காய்ப்பால் ஊற்றி நன்றாகவே சமைத்திருக்கிறேன். கடலில் நீர் ஏறினால்தான் உங்கள் படகு தலைநகர் சுவாவுக்குக் கிளம்பும். அதுவரை நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன், நீங்கள் கை நனையுங்கள்.

என் பெயர் ஆபிசாய். இந்த ஊர்க் கடலுக்குக் காவல்காரன். கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவில் உள்ள தண்ணீர் எங்கள் ஊரின் சொத்து. அதைக் காட்டிப் பிழைக்கலாம் என்று யோசனை சொன்னவள் என் அக்கா மகள் மெரெவாய். பெரிய ஓட்டலில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த பெண், வேலையை விட்டுவிட்டு வந்து, ஊரைக் கூட்டிப் பேசி, கரையோரம் ஓலைக் குடில்கள் போட்டாள். வருமானம் ஊருக்கு. பள்ளிக்கூடத்துக் கூரை அந்தப் பணத்தில் போட்டதுதான்.

வருகிறவர்களுக்கு விதிகள் உண்டு. பவளத்தை மிதிக்கக்கூடாது, பிளாஸ்டிக் கொண்டுவரக்கூடாது, மேலே கிரீம் பூசிக்கொண்டு தண்ணீரில் இறங்கக்கூடாது. வெள்ளைக்காரர்களுக்கு விதி என்றால் உயிர். வெயிலில் தோலுரிந்து இறால்போல் சிவந்தாலும் கிரீம் பூசமாட்டார்கள். மீறியதெல்லாம் நாங்கள்தான். பாறைப் பக்கம் வலை போடுவதில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் கை தூக்குவோம். மறுநாள் அதே கைகள் அங்கே வலை இழுக்கும். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய படைப்பைக் காப்பதைப் பற்றி உருக்கமாகப் பேசுவார். திங்கட்கிழமை அவர் வீட்டுச் சட்டியில் கிளிமீன் கொதிக்கும். நான் விசில் ஊதுவேன். கையசைத்து வணக்கம் சொல்வார்கள்.

எங்கள் ஊர் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயப்படும். ஊரில் மூத்தவர் இறந்தால் கடலை மூடுவோம். பாறைமேல் கம்பு நட்டு ஓலை கட்டிவிட்டால், நூறு இரவுக்கு ஒருவன் தூண்டில்கூட நனைக்கமாட்டான். கிழவர் லெபானி இறந்தபோது அப்படி மூடினோம். அது கர்த்தர் அழைத்துக்கொண்டது, அதை என் தலையில் போடாதீர்கள்.

அந்த நூறு நாளில் கடல் திரும்பி வந்தது. கிளிமீன், ஆமை எல்லாம் வந்தன. சின்னச் சுறாக்கள் வந்து பூனைக்குட்டிபோல் கால் பக்கத்தில் திரிந்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண் நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றபடியே அழுதாள். குடில்களில் இடமில்லை. மெரெவாய் பாட்டுப் பாடிக்கொண்டே துணி உலர்த்தினாள்.

பிறகு துக்கம் முடிந்தது. கம்பைப் பிடுங்கினோம். துக்கம் முடிந்ததற்கு விருந்து வேண்டாமா? ஊரே வலையோடு இறங்கியது. விருந்து முடிந்தபோது கடலும் முடிந்திருந்தது. அடுத்து வந்த வெள்ளைக்காரர்களுக்கு நான் மொட்டைப் பாறையைச் சுற்றிக் காட்டினேன். மரியாதையானவர்கள், பாறை அழகாக இருக்கிறது என்றார்கள். மறுபடி வரவில்லை.

கடலை இன்னும் கொஞ்ச நாள் மூடிவைப்போம் என்று கூட்டத்தில் கெஞ்சினேன். யாங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு பிலிமோனே வாயைத் துடைத்தான். அவன்தான் ஊர்க் கமிட்டித் தலைவர், என் அம்மாவின் அண்ணன் மகன், என் மச்சான். எங்களில் மச்சான் என்றால் எதையும் சொல்லிக் கிண்டல் பண்ணலாம், கோபித்துக்கொள்ளக்கூடாது.

"சட்டம் போட்டா மீறுவோம் மச்சான், அது எங்க பழக்கம். சாவுக்குத்தான் கட்டுப்படுவோம். ஒண்ணு பண்ணு, பெரியவங்க யாரையாவது கொஞ்சம் சீக்கிரமா கிளம்பச் சொல்லு."

"உன்னைத்தான்டா முதல்ல கிளப்பணும்," என்றேன்.

"எனக்கு முன்னால இனோக்கே தாத்தா வரிசையில நிக்கிறாரு. வரிசையில இடிக்காத."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனோக்கே தாத்தாவும் சிரித்தார். நானும்தான். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் யோசித்தேன். பிலிமோனே சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

காற்றடிக்கிற பக்கத்தில் பாறைக்கு நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. அந்த மீனைத் தின்றால் எல்லாம் தலைகீழாகிவிடும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் நெருப்பாகச் சுடும். வாலிபன் என்றால் நாலு நாள் புரண்டுவிட்டு எழுந்துவிடுவான். நெஞ்சு தளர்ந்த கிழவர் எழமாட்டார். விஷம் அதிகம் சேர்வது தலையிலும் ஈரலிலும். எங்கள் பழக்கத்தில் மீன் தலை மூத்தவருக்கு. நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை, தம்பி. மீனைத்தான் வைத்தேன். தலை யாருக்கு என்று தீர்மானித்தது பழக்கம்.

மீனின் மீதி உடம்பை என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். புதைத்துவிட்டேன். ஊர்ப் பிள்ளைகள் யாராவது எடுத்துத் தின்றுவிட்டால்? அந்த மாதிரி ஆள் இல்லை நான்.

இனோக்கே தாத்தா போனபோது, ஏற்கெனவே நெஞ்சு தளர்ந்தவர், வயதாகிவிட்டது என்றார்கள். கடலை மூடினோம். மீன் வந்தது, ஆமை வந்தது, மெரெவாயின் பாட்டும் வந்தது. ஊரே சேர்ந்து கடலைக் காக்கிறது என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். உங்கள் ரகசியம் என்ன என்று அதைக் கொடுத்த அம்மாள் கேட்டார். எல்லாம் எங்கள் மூத்தவர்கள் செய்துகொடுத்தது என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

நூறு இரவு முடிந்ததும் மறுபடி விருந்து, மறுபடி வலை. கேடயத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மொட்டைப் பாறையைக் காட்டினேன். மெரெவாய் பெட்டி கட்டினாள்.

"மாமா, நான் ஓட்டலுக்கே போறேன். அங்க படுக்கைய விரிச்சா விரிச்சபடி இருக்கும். இங்க நான் விரிக்க விரிக்க நீங்க எல்லாரும் சுருட்டுறீங்க."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வரிசையில் அடுத்தது பிலிமோனே.

அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள். கோவில் முடிந்து மத்தியானம் சாப்பிட வந்தான். தலையைக் கையிலெடுத்துக் கன்னத்துச் சதையைப் பிய்த்துத் தின்று, "உன் சமையலுக்கு நானே உன்னைக் கட்டியிருக்கலாம் மச்சான்," என்றான். சாயங்காலம் யாங்கோனா கலக்கப் பாத்திரத்துத் தண்ணீரில் கை வைத்தவன் சட்டென்று எடுத்தான்.

"தண்ணி சுடுதுடா."

கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"வரிசை என்கிட்ட வந்திருச்சா மச்சான்?"

யாங்கோனாவை நானே கலக்கினேன். அவன் அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவனுக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது, பேச முடிந்திருக்காது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். டாக்டருக்கு பிலிமோனேயைத் தெரியாது. பேச வேண்டும் என்றால் அவன் செத்தாலும் பேசுவான்.

கடைசிவரை பார்த்துக்கொண்டவள் மெரெவாய். நெற்றியில் ஈரத்துணி வைத்தபோது அவன் நெருப்புப் பட்டதுபோல் துடித்திருக்கிறான். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிக்னலுக்காக மேட்டில் ஏறி உங்களுக்குப் போன் செய்தவள் அவள்தான் என்று தெரியும். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. குடில்கள் நிறைந்ததும் சரியாகிவிடுவாள்.

இப்போது ஊரில் மூத்தவன் நான். அப்படியென்றால் நீயே அந்தத் தலையைத் தின்றிருக்கலாமே என்கிறீர்கள். நினைக்காமல் இல்லை. ஆனால் நான் போய்விட்டால் கடலை யார் பார்த்துக்கொள்வது?

என்ன தம்பி, இன்னும் கையே வைக்கவில்லை. எங்கள் கடல் பிலிமோனேவுக்காக மூடியிருக்கிறது, இது பக்கத்து ஊர்த் தண்ணீரில் பிடித்தது. விருந்தாளி வந்தால் தலை விருந்தாளிக்கு, அதுதான் மரியாதை. பயப்படாமல் சாப்பிடுங்கள். நீங்கள் சுவாக்காரர், உங்களுக்காக இங்கே யாரும் கடலை மூடமாட்டார்கள்.