அவன் காதுக்கு மட்டும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் சமையல்காரரைப் பார்ப்பார்கள், அப்புறம் பந்தல்காரரை. சவுண்டு சர்வீஸ்காரனின் நினைப்பு வருவது முந்தின நாள் சாயங்காலம்தான். அதனால் யாராவது என்னைத் தேடி வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நீங்கள் கொச்சியிலிருந்து பஸ் மாறி மாறிப் புதுக்கடை வரைக்கும் வந்திருக்கிறீர்கள். அதுவும் என்னைப் பார்க்க இல்லை, ஆன்ஸ்லினைப் பற்றிக் கேட்க. பரவாயில்லை. அந்த ரெக்கார்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இவ்வளவு பக்கத்தில் வைத்தால் குரல் பிசிறும்.

அவன் காது எப்படிப் போனது என்று கேட்டீர்கள். ராக் டிரம்மர் என்றால் காது போகத்தானே செய்யும், வெறிபிடித்த மாதிரி அடித்தான், அனுபவிக்கிறான் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது தப்பு. அவன் வாழ்க்கையை எழுத வந்திருக்கிறீர்கள். அவன் செய்யாததை அவன் தலையில் கட்டி எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் பேசுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சபை. டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் போகும்போது பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டுவது ஆன்ஸ்லின், ஸ்பீக்கர் பெட்டியைச் சைக்கிளில் கட்டித் தள்ளுவது நான். பிறகு சபைக்கு டிரம் செட் வாங்கினார்கள். வாங்கியவர்களே அதைக் கண்டு பயந்தார்கள். கமிட்டியில் ஏசுஅடிமை என்று ஒருவர் இருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமையே எழுந்து வந்து, "லே, கர்த்தருக்கு நல்லா காது கேக்கும். பைய அடி" என்று சொல்லிவிட்டு, டிரம் மேல் ஒரு கம்பளியைப் போட்டு மூடினார். அந்தக் கம்பளியை அப்புறம் யாரும் எடுக்கவே இல்லை. ஆன்ஸ்லின் அதன் மேல்தான் வருஷக்கணக்கில் அடித்தான். அவன் கை அவ்வளவு மென்மையானது அப்படித்தான். கேட்டவர்களுக்குத் தெரியும்.

கிடார் வாசிக்கிற ஷிபின் வந்து சேர்ந்ததும் 'உப்புக்காற்று' என்று பேண்ட் ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். போஸ்டரில் நாலு முகம் இருக்கும், அதில் நான் இருக்க மாட்டேன். திருவனந்தபுரத்தில் கல்லூரி விழாக்கள், பிறகு கொச்சி, பெங்களூரு. பாடுகிறவனை விட்டுவிட்டு ஆன்ஸ்லின் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தும். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் பாட்டுகளில் வயலின், கோரஸ் எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து வரும். அதோடு ஒத்துப் போக டிரம்மர் காதில் ஒரு 'டக் டக்' ஓடிக்கொண்டே இருக்கும். க்ளிக் என்போம். கூட்டத்துக்கு அது கேட்காது. அவன் காதில் செருகிய இயர்போனில் மட்டும் விழும். அனுப்புவது மேடையோரம் மிக்சருக்குப் பின்னால் இருக்கும் நான். வாசிக்கும்போது பேச முடியாதல்லவா, அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவன் விரலைத் தூக்கினால் நான் கூட்ட வேண்டும். உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினால் குறைக்க வேண்டும். அடி தவறாமல் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவான்.

ஆயிரம் பேர் அவனைப் பார்ப்பார்கள், அவன் பார்ப்பது என்னைத்தான். உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கும். அப்பா, அம்மா போன பிறகு நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொள்கிற வீடு என்னுடையது. எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் ஊரில் ஒரு பெரிய பேண்ட் அவனைக் கூப்பிட்டது. துபாய், லண்டன் என்று சுற்றுகிறவர்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கல்லில் உட்கார்ந்துகொண்டு எனக்குத்தான் முதலில் சொன்னான்.

"அவியளுக்கு சவுண்டுக்கு வேற ஆளு உண்டு மக்கா. நீ வெசமிக்காத, கேட்டியா?"

"எனக்கு என்ன வெசமம்? கொள்ளாம்லா. போயிட்டு வா."

"ஓணம் கழிஞ்சாத்தான் போணும். அதுவரைக்கும் நம்ம புரோகிராம் எல்லாம் உண்டு."

எனக்கு நிஜமாகவே சந்தோஷம். கூடவே பயம். அவன் போய்விட்டால் இந்தப் பூமியில் என்னைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் கிடையாது. அதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான், போயும் இருப்பான்.

லிமிட்டர் என்று ஒன்று உண்டு. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் மாதிரி. காதுக்குப் போகும் சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் பிடித்துக்கொள்ளும். நான் அதை எடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் க்ளிக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ரொம்ப இல்லை, கொஞ்சம். காதுக்கு எதுவும் பழகிவிடும். பழகிய பிறகு அவனே விரலைத் தூக்க ஆரம்பித்தான். அப்படிப் பார்த்தால் பாதி அவனே கேட்டு வாங்கியதுதான்.

"காதுக்குள்ள ஒரு சீவீடு கெடந்து கத்துது மக்கா" என்றான் ஒருநாள். சில்வண்டைத்தான் இங்கே சீவீடு என்போம். "ராத்திரி ஒறங்க விட மாட்டேங்குது."

"வண்டியில காத்து பட்டிருக்கும். பஞ்சு வச்சுக்கிட்டுக் கெட" என்றேன்.

நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்தான். சத்தம் பாதியாகக் குறையாவிட்டால் மிச்சமும் போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதையும் என்னிடம்தான் வந்து சொன்னான். சரி என்றேன். அடுத்த நிகழ்ச்சிக்கு முன் சோதித்துப் பார்த்தபோது பாதிதான் வைத்தேன். என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தான். நிகழ்ச்சி தொடங்கியதும் கூட்டினேன். உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே இன்னும் கூட்டினேன்.

ஏன் இயர்போனைப் பிடுங்கி எறியவில்லை என்று கேட்பீர்கள். க்ளிக்கை விட்டால் வயலின் ஒரு பக்கம் போகும், இவர்கள் ஒரு பக்கம் போவார்கள், பாட்டு நடுமேடையில் சிதறிவிடும். உயிர் போனாலும் ஆன்ஸ்லின் ஒரு பாட்டைச் சிதற விட மாட்டான். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் அவ்வளவு நன்றாகத் தெரியும். கண்ணீர் வழிய வழியக் கடைசிப் பாட்டு வரைக்கும் வாசித்தான். உணர்ச்சிவசப்பட்டு அழுகிறான் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வயரு எங்கயோ கோளாறு மக்கா, ஒம்மேல தப்பில்ல" என்றான். கத்திச் சொன்னான். தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

வலது காது அன்றோடு போயிற்று. இடது காதில் கொஞ்சம் மிச்சம். கொச்சிக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள், வருத்தப்பட்டார்கள், போனார்கள். ஷிபின் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆன்ஸ்லினுடைய அம்மா ராஜபாய் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேண்ணா எம் பிள்ளைக்கு ஆரு உண்டு மக்கா?" என்று அழுதார். நானும் அழுதேன். அதில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. தினமும் சாயங்காலம் இந்தக் கோடவுனுக்கு வருவான். மூலையில் இருக்கிறதே, அது அவன் செட்தான். சும்மா துடைத்துவைப்பான். சில நாள் துறைமுகத்துக்குப் போவோம். ஒருநாள் அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றையும் விடாமல். என் வாய் அசைந்ததைக் கவனித்துவிட்டுத் திரும்பினான்.

"என்ன சொன்ன?"

செல்போனில் எழுதிக் காட்டினேன், 'சாயா குடிப்போமா?'

"குடிப்போமே" என்று எழுந்து வந்தான். ஆகவே நான் அவனிடம் மறைத்தேன் என்று நீங்கள் எழுத முடியாது.

போன மாதம் இடது காதுக்கு மெஷின் வைத்தார்கள். மழைநாள் அது. நனைந்துகொண்டே ஓடி வந்தான்.

"மக்கா, ஒங் கோடவுன் தகரத்துல மழ பெய்யது கேக்குது!"

இரண்டு பேரும் ரொம்ப நேரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படியே இருந்திருக்கலாம். பெரிய சத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் இந்தக் காது கடைசிவரை நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவனுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. கொச்சியில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லித்தர ஒரு பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். "திங்கக்கெழம இரணியல்ல ரயில் ஏறணும்" என்றான். தங்குவதற்கு இடம்கூடப் பார்த்தாயிற்று. எனக்கு அவன் விட்டுவைத்திருந்த ஒரே நல்ல வார்த்தை, "நீ எடைக்கெடைக்கு வா மக்கா."

நேற்று மத்தியானம் வந்தான். போவதற்கு முன் க்ளிக்கோடு ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டுமாம். மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயர்போனை இடது காதில் செருகினான். "பைய வை, கேட்டியா" என்றான். பையத்தான் வைத்தேன். வாசித்தான். கம்பளி மேல் அடித்த அதே கை, ஒன்றும் மாறவில்லை. நடுவில் என்னைப் பார்த்து விரலைத் தூக்கினான்.

தூக்கினான் என்றுதான் நினைக்கிறேன். உள்ளங்கையாகவும் இருந்திருக்கலாம். அந்த மூலையில் வெளிச்சம் போதாது. எதுவானாலும் ஆன்ஸ்லின் கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது.

தாராளமாக எழுதுங்கள். என் பெயர் எபிசன் என்று போடுங்கள், ஒரு தடவையாவது அவன் பெயருக்குப் பக்கத்தில் வரட்டும். போலீசில் சொல்வதானாலும் சொல்லுங்கள். அவன் படித்தாலும் எனக்குப் பயமில்லை. கோபப்படுவான், ஒரு வாரம் வராமல் இருப்பான், அப்புறம் இங்கேதான் வருவான். வேறு யாரிடம் போவான்? அவனை நான் பார்த்துக்கொள்வேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்கு என் வண்டி. இன்றைக்கும் என் வண்டியில்தான் போகிறோம்.

அதோ, ராஜபாய் மாமி அவனைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறார். மிச்சக் கேள்விகளை அவனிடமே கேளுங்கள். ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், படித்துப் பதில் சொல்வான். நேற்று காலையில் வந்திருந்தால் நீங்கள் வாயால் கேட்டாலே அவனுக்குக் கேட்டிருக்கும்.