கொள்ளிடத்தில் கல் தேட வருகிறவர்களுக்கு

சல்லடையைப் பிடிக்கும்போது முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் தோள்பட்டை கழன்றுவிடும். புதிதாகக் கல்லும் பொன்னும் தேட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நீங்கள் கேட்டது வேறு, இன்ஸ்பெக்டர் சார், அதற்கும் வருகிறேன். ஆனால் எங்கள் சங்கத்தைப் பற்றித் தெரியாமல் ஜாஃபர் சாதிக் பாய் விஷயம் உங்களுக்குப் புரியாது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எனக்குச் சிமெண்ட், கம்பி விற்கும் கடை. மணலும் உண்டு, கேட்டால் மட்டும். இப்போது ஆற்று மணல் என்றால் மாட்டு வண்டியைக்கூட நீங்கள் விடுவதில்லை. மேஸ்திரிகளோ பூச்சு வேலைக்கு ஆற்று மணல்தான் வேண்டும், அதுவும் சலித்துத் தா என்கிறார்கள். சலிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வந்ததும் டீ, டீ குடித்ததும் வெற்றிலை. அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில், வசதியான மனிதர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஆற்றில் குந்தி, தங்கம் கிடைக்குமென்று மணலைச் சலிக்கிறார்கள். கூலி கேட்கவில்லை. சந்தோஷமாக வேறு இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன், அதுதான் எங்கள் சங்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வாத்தியார்களும் கொள்ளிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சல்லடையும் அவர்களுடையது, கட்டுச்சோறும் அவர்களுடையது. இவ்வளவு பெரிய மனிதர்கள் ஆற்றில் குந்தியிருந்தால் யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள்?

நம் ஆற்று மணலில் எனக்குத் தெரிந்து தங்கம் இல்லை. காக்காப்பொன் உண்டு. அது வெயிலில் மின்னினால் போதும், தலைமையாசிரியராக இருந்த தியாகராசன் குழந்தைபோலக் கைதட்டுவார். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று நானே அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நான் அப்படிப்பட்டவன். சல்லடைக்கு மேல் தங்குவது அவர்களுக்கு, கீழே விழுவது எனக்கு. இவ்வளவு நியாயமான பங்கீடு எந்தக் குத்தகையிலும் கிடையாது. அவர்கள் பஸ் ஏறியதும் என் டிராக்டர் ஆற்றில் இறங்கும்.

ஜாஃபர் சாதிக் பாய் கூத்தாநல்லூர்க்காரர். பாதி வயதைச் சவூதியில் கழித்தவர். சங்கத்தில் அவரைப்போலச் சலிக்க ஆளில்லை, மாவு மாதிரி விழும். மகள் அனீஸாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. "நகையெல்லாம் நான் அனுப்புன காசுல வீட்டுலயே வாங்கிட்டாங்க தம்பி. நானா என் கையால எடுத்துக் குடுத்தது ஒண்ணுகூட இல்ல" என்றார் ஒருநாள். பல வாரமாக ஒன்றும் அகப்படவில்லை, இனி வரவில்லை என்றும் சொன்னார். எனக்குத் திக்கென்றது. அப்படிப்பட்ட கையை எப்படி விடுவது? திருச்சியில் பட்டை தீட்டுகிறவர்களிடம் சொல்லி, தீட்டாத சிவப்புக் கல் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஒன்றை அவர் மணலில் போட்டேன்.

அவர் அழுதுவிட்டார், சார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு, "தோட்டுக்கு ஜோடி வேணுமே தம்பி" என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, கிடைத்த நாளெல்லாம் வந்தார். ஜோடிக் கல் என் கல்லாப்பெட்டியில் இருந்தது. கொடுத்தால் வருவதை நிறுத்திவிடுவார். ஆகவே, "புது வெள்ளம் வந்தா புதுக் கல்லு உருண்டு வரும் பாய்" என்று நம்பிக்கை கொடுத்தேன். மனிதனுக்கு நம்பிக்கை முக்கியம்.

மேட்டூர் நிரம்பிவிட்டது, கொள்ளிடத்தில் உபரி நீர் விடப்போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். வெள்ளம் கொண்டுபோவதற்குள் எடுத்ததுவரை லாபம் என்று, சங்கத்தார் வழக்கமாக உட்காரும் இடத்தில் பொக்லைனை இறக்கினேன். பள்ளம் இரண்டு ஆள் ஆழம் போயிற்று. மறுநாள் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றில் மேடேது, பள்ளமேது.

அன்று கரையிலிருந்து பாய் போன் செய்தார். "தம்பி, தண்ணி வந்துருச்சு. நம்ம எடத்துல எறங்கலாமா?"

கடையில் தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் சிமெண்டுக்கு நின்றிருந்தார். பள்ளம் இருக்கிறது என்றால், என்ன பள்ளம், யார் வெட்டியது என்று காதைத் தீட்டிக்கொள்வார். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசித்தேன்.

"முழங்கால் தண்ணிதான் பாய், தைரியமா எறங்குங்க" என்றேன்.

"நல்லா இருங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. பாயை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவுக்குப் போனேன். எல்லோரையும்போல நானும் மூன்று பிடி மண் அள்ளிக் கப்ருக்குழியில் போட்டேன். அருமையான மண், சலிக்கவே வேண்டாம்.

ஆக, பள்ளத்தை வெட்டியது நான்தான். அங்கேதான் இறங்குவார் என்று தெரிந்துதான் இறங்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். கரையோரத்தில் அன்றைக்கு முழங்கால் தண்ணீர்தான். வாருங்கள், நானே இறங்கி நின்று காட்டுகிறேன்.