முப்பத்தேழு வீட்டுப் போன்

போன் மணி அடித்தால் மூன்றாவது அடிக்குள் எடுத்துவிடுவது என் பழக்கம். இல்லாவிட்டால் மேனாம்பேட்டில் எங்கள் தெருவே ஜன்னலுக்கு வந்துவிடும், தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு.

நீங்கள் கேபிள் கம்பெனி கொடுத்த பணத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எங்கள் ஆய்வு மையத்துக்கு அது நன்கொடை, ரசீது இருக்கிறது. அதில் ஒன்றும் கிடைக்காது. என்னிடம் வேலை பார்த்த வசந்தகுமாரி உங்களுக்கு எழுதியது வேறு விஷயம். அதைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் உள்ளூர் டெலிபோனைத் தனியாருக்கும் திறந்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் லைன் இழுக்க இரண்டாவதாக ஒரு கம்பெனி தயாராக இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டெலிபோன் கேபிள் செய்யும் ஒரு முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் கேபிள் வாங்கியது அரசுத் துறை மட்டும்தான். புதிதாக வருகிறவன் வெளிநாட்டுக் கேபிளைக் கொண்டுவருவான். ஆகவே, இரண்டாவது கம்பெனி தேவைதானா என்று ஆராய்ந்து சொல்லும்படி எங்களிடம் வந்தார்கள். முதலாளியின் மேனேஜர் பக்தவத்சலம் சஃபாரி சூட்டும் பிஸ்கட் டப்பாவுமாக வந்து உட்கார்ந்தார்.

"முடிவு என்னான்னு நாங்க சொல்லமாட்டோம் ஜானகிராமன் சார். கேள்வியை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கேளுங்க" என்றார்.

இந்த ஆட்களுக்கு ஆராய்ச்சி என்றால் தையல்காரனிடம் அளவு கொடுப்பது மாதிரி. எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் நான் இல்லை. அவர் வருவதற்கு முன்பே கேள்வியை எழுதி வைத்திருந்தேன். 'உங்களைக் கூப்பிட டெலிபோன் எண் இருக்கிறதா?' அவ்வளவுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது?

எங்கள் தெருவில் போன் இருந்தது என் வீட்டில் மட்டும். மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு ஏழெட்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகையா, வேலை மனுவா, எல்லாவற்றிலும் என் எண்ணைப் போட்டு 'பி.பி.' என்று இரண்டெழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் போன் என்று அர்த்தம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜனங்கள். அவர்களுடைய கௌரவத்துக்கு என் போன்.

கணக்கெடுக்கப் போன வசந்தகுமாரி படிவங்களோடு திரும்பி வந்தாள். "சார், முப்பத்தேழு வீட்டுலயும் ஒரே நம்பர். உங்க நம்பர் சார்" என்றாள். ஏதோ கண்டுபிடித்துவிட்ட முகம். முப்பத்தேழு வீட்டிலும் போன் உண்டு என்று எழுதச் சொன்னேன். எழுதமாட்டேன் என்றாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டு நானே எழுதினேன். மற்ற தெருக்களையும் அப்படியே. மேற்குப் புறநகரில் பத்தில் ஏழு வீட்டுக்கு டெலிபோன் வசதி உண்டு என்று அறிக்கை போயிற்று.

என் மனைவி, இரண்டாவது கம்பெனி வந்தால் இந்தக் கும்பல் ஒழியும் என்று காத்திருந்தவள். நான் அப்படி நினைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு போனு பண்ணிக்கவா?" என்று நிற்பவர்களுக்கு அந்தப் பணிவு நல்லதுதான்.

அடுத்த வீட்டுத் தாயம்மாள் அதிகம் வருவாள். அவள் புருஷன் கஜபதி திருமழிசையில் லேத் ஓட்டுகிறவன். நெஞ்சு பலவீனம், ஒரு தடவை விழுந்து எழுந்தவன். அதற்காகவே போனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். "அவருக்கு எதுனா ஆச்சின்னா எனக்கு உடனே தெரியணும் அண்ணாத்தே" என்பாள். நான் அவளுக்கு அண்ணன் இல்லை.

தொண்ணூற்றாறு ஜனவரியில், இரண்டாவது கம்பெனியை விடலாமா என்று முடிவு செய்ய டில்லியிலிருந்து அரசுக் குழு வந்தது. மூன்று பேர். என் அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்த மேதைகள். என் வீட்டில் காப்பி குடித்தபடி ஒருவர் கேட்டார், அடுத்த வீட்டிலும் போன் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். அப்போது மணி அடித்தது. பத்து நாற்பது.

கஜபதியோடு வேலை செய்யும் ஜம்புலிங்கம். "சார், கஜபதிக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரில கீறோம். பொண்டாட்டிய கேட்டுக்கினே கீறாரு. ஊட்டாண்ட சொல்லி சீக்கிரம் அனுப்பு சார்."

ராங் நம்பர் என்று குழுவிடம் சொன்னேன். வேறு என்ன சொல்ல? போன் வைத்திருக்கிற வீட்டுக்காரியை நான் போய் ஏன் கூட்டிவர வேண்டும் என்று அந்த மேதைகளுக்குக்கூடக் கேட்கத் தோன்றும். மறுபடி அடிக்கும் என்பதால் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு மணிக்குக் குழு கிளம்பியது. கார் திரும்பும்வரை வாசலில் நின்று, பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இப்போதுதான் போன் வந்தது என்றேன். தாயம்மாள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள். கஜபதி பன்னிரண்டே காலுக்குப் போய்விட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் முக்கால் மணி. கணக்கு உங்களுக்கும் போடத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். சாவான் என்று தெரியாது. சாகலாம் என்று தெரியும்.

காலையிலேயே போன் பண்ணினேன் என்று ஜம்புலிங்கம் சொன்னதை அவள் நம்பவில்லை. குடிகாரன் பேச்சு என்று நான்தான் சொன்னேன். பத்தாம் நாள் என் வாசலில் வந்து கை கூப்பினாள். "நீ ஓடியாந்து சொல்லாங்காட்டி எனக்கு யாரு அண்ணாத்தே சொல்லியிருப்பாங்க" என்றாள். இரண்டாவது கம்பெனி இப்போதைக்குத் தேவையில்லை என்று குழு எழுதியது அதற்கடுத்த மாதம்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. கஜபதி செத்த அன்று சாயங்காலம் சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்ல தாயம்மாளின் மகள் லோகநாயகி வந்து நின்றாள். பதினொரு போன் போட்டாள், அதில் இரண்டு வெளியூர் எஸ்.டி.டி. ஒரு பைசா நான் வாங்கவில்லை. அந்தத் தெருவில் இந்த உதவியை வேறு யார் செய்திருக்க முடியும், சொல்லுங்கள்.